கையொப்பமில்லாத எழுத்து

முதலாம் இராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தபோது, அவ்வாணை அரசனுடைய வாய்மொழியாகப் புறப்பட்டு, ஓலையில் எழுத்தாகி, வரிப்பொத்தகத்தில் ஒரு பதிவாக ஏறும் வரையில் எத்தனை கைகளைக் கடந்து சென்றது என்பதை, லெய்டன் செப்பேடுகள் என்று இன்று உலகம் அறியும் 21 ஏடுகள் சிறிதும் மறைக்காமல் சொல்லுகின்றன. ஓலையை எழுதியவன் இன்னான், அதைப் பார்த்து ஒப்பமிட்ட திருமந்திர ஓலைநாயகம் இன்னார், வரியிலிடும்போது உடனிருந்த புரவுவரித் திணைக்களத்தாரும் வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை முதலிய பதவிகளை வகித்தோரும் இன்னின்னார் என்று பெயர் பெயராக அவற்றில் பதிவாகியிருக்கிறது. ஓர் ஊரின் கணக்கில் ஒரு வரி புதிதாக ஏறுவதற்கு இத்தனை சாட்சிகள் வேண்டுமா என்று இக்காலத்து அவசர புத்தி கேட்கலாம். ஆயினும் ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த ஒரு வரி எவ்விதம் உண்டாயிற்று என்பதை நாம் ஐயமறச் சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்தச் சாட்சிகளே.

இந்த ஒழுக்கம் நம்முடைய தென்கோடியிலும் வேரூன்றியிருந்தது. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தேடலால் வெளிப்பட்டு, பிற்காலத்தில் அ.கா. பெருமாள் பதிப்பித்த முதலியார் ஓலைகள் நாஞ்சில் நாட்டின் பழைய நிலவுரிமைகளையும் வரிகளையும் வழக்குகளையும் நமக்குக் காட்டுகின்றன. வேணாட்டு அரசர்கள் வாழ்ந்த அரண்மனையைத் தன்னகத்தே கொண்டதும், திருவிதாங்கூர் ஆட்சியில் ஒரு தாலுகாவுக்குப் பெயர் கொடுத்ததுமான எங்கள் இரணியலில், இன்றைக்கும் நிலம் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு பத்திரத்தை எழுதிக்கொள்ளும்போது, அதை எழுதியவர் தம் பெயரையும் உரிம எண்ணையும் கீழே குறித்துக் கையெழுத்திடாமல் அது வழக்கமாகப் பதிவுக்குப் போவதில்லை. ஆணையிட்டவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர், கண்டு நின்ற சாட்சிகள் வேறு சிலர் என்ற மூன்று நிலைகளும் அந்தத் தாளிலேயே பிரத்தியட்சமாகத் தெரியும்.

ஆனால் பத்திரம் பதிவான பிறகு அதன் பிம்பம் எங்கே போய்ச் சேருகிறது? பட்டாவும், குடும்ப அட்டையும், பள்ளிச் சான்றிதழும், வங்கிக் கணக்கும், மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பும் இன்று டேட்டா சென்டர் என்னும் கட்டடங்களில், பல யந்திரங்களில் பிரிந்தும் பிரதியாகவும் கிடக்கின்றன. ஒரே யந்திரத்தில் வைத்தால் அது பழுதாகும் நாளில் அனைத்தும் அழியும் என்பதனால், ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து வெவ்வேறு யந்திரங்களில் வைப்பது இத்துறையில் பொது வழக்கமாகிவிட்டது. ராஜஸ்தானத்துக் கோட்டா நகரில் வளர்ந்த சஞ்சய் கெமாவத் முதலிய மூவர் 2003ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் கோப்பு முறையைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பெருவழியைத் திறந்து வைத்தது. ஹடூப், செஃப், கசாண்ட்ரா என்று பின்னர் வந்தவை பலவும் ஒவ்வொரு விதத்தில் இந்தப் பிரதி முறையையே கைக்கொண்டிருக்கின்றன. பரவிக் கிடக்கும் இந்தச் சேமிப்பின் உள்ளே ஒவ்வொரு நிமிஷமும் டிஸ்க்குகளில் எழுதப்படும் எழுத்துக்கு யார் சாட்சி என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

யாரும் எதையும் எழுதாத வேளையில் டிஸ்க்குகள் மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பதை, இத்தகைய யந்திரங்களைப் பராமரிக்கிறவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். நள்ளிரவு, அலுவலகம் இல்லை, வெளியிலிருந்து ஒரு கோரிக்கையும் வரவில்லை, ஆயினும் அளவுமானி மணிக்குப் பல ஜிகாபைட் என்று எழுத்தைக் காட்டுகிறது. இதில் பெரும்பகுதி நியாயமான காரியமே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு யந்திரம் சிறிது நேரம் பதில் சொல்லாமலிருந்தால், அது இறந்துபோயிற்று என்று மற்றவை முடிவு கட்டி, அதிலிருந்த பிரதிகளுக்கு ஈடாகப் புதுப் பிரதிகளை வேறிடங்களில் எழுதத் தொடங்குகின்றன. வழக்கமான அமைப்பில் இந்தப் பொறுமையின் எல்லை, செஃப், ஹடூப் இரண்டிலும், ஏறத்தாழப் பத்து நிமிஷந்தான். பராமரிப்புக்காக நிறுத்திய யந்திரத்தைத் திரும்ப இயக்கக் கால் மணி நேரம் ஆனால், அதற்குள் டெராபைட் கணக்கில் எழுத்து கிளம்பிவிடும். இன்னொரு வகையும் உண்டு. பாட்ரிக் ஓனீலும் அவருடைய சகாக்களும் 1996இல் விவரித்த ஒரு முறையைப் பின்பற்றும் தரவுத்தளங்கள், வரும் பதிவுகளைச் சிறு சிறு கோப்புகளாக முதலில் வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஓய்வு கிடைக்கும்போது அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய கோப்புகளாக மறுபடியும் எழுதுகின்றன. காலையில் ஒருமுறை எழுதிய பதிவு இவ்விதம் பலமுறை இடம் மாறி எழுதப்படலாம். மின்சாரம் திடீரென்று நின்றாலும் பதிவு அழியாதிருக்க, எதையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன்பின் உரிய இடத்தில் எழுதுவதும் பலவற்றில் நடைபெறுகிறது; இதனாலேயே எழுத்து இரட்டிக்கிறது.

வெறும் படிப்புங்கூட எழுத்தாக மாறும் என்பது புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். லினக்ஸ் யந்திரங்களில் ஒரு கோப்பை யாரேனும் திறந்து படித்தால், அது படிக்கப்பட்ட நேரத்தைக் குறித்து வைக்க ஓர் எழுத்து நிகழ்ந்து வந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தேடிப் பார்க்கும் ஒரு சாதாரணக் காரியம் ஆயிரக்கணக்கான எழுத்துகளை உண்டாக்கியது. 2009இல் வெளிவந்த பதிப்பிலிருந்துதான் இதைக் குறைக்கும் வழி பொது வழக்கமாயிற்று. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் பெருந்தொகையான பதிவுகளை ஏற்றிய பிறகு, முதன்முறை அவற்றை வாசிக்கிற கேள்வியே சில அடையாளக் குறிகளை எழுத வைத்துவிடுகிறது. அமேசான் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட டைனமோ பற்றிய கட்டுரை காட்டும் முறையிலோ, ஒரு பதிவைப் படிக்கும்போது பிரதிகளுக்குள் வேறுபாடு தென்பட்டால், பழைய பிரதி அப்போதே திருத்தி எழுதப்படுகிறது. ஆகவே, நாங்கள் படிக்கத்தான் செய்தோம், எழுதவில்லை என்று மென்பொருள் எழுதியவர் சொல்வது மெய்யாகவே இருந்தாலும், அது விசாரணையை முடித்துவைக்கும் பதில் ஆகாது.

விசாரணையில் யாரையும் திகைக்க வைக்கும் இடம் ஒன்றுண்டு. எழுதச் சொன்ன மென்பொருள் வேறு, டிஸ்க்கில் எழுதுகிற கை வேறு. லினக்ஸ் போன்ற இயங்குதளம், மென்பொருள் கொடுத்த எழுத்தை உடனே டிஸ்க்குக்கு அனுப்பாமல் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, முப்பது விநாடிக்கு மேல் காத்துக் கிடப்பவற்றை எழுதி முடிக்கிறது. இந்த வேலையைச் செய்வது இயங்குதளத்தின் சொந்த ஏவலாளியாதலால், டிஸ்க்கின் பக்கமிருந்து பார்க்கிறவனுக்கு எழுதியவன் என்று அந்த ஏவலாளியின் பெயர்தான் தென்படும். சோழர் செப்பேட்டில் ஓலை எழுதியவன் பெயரோடு ஆணையிட்ட அரசன் பெயரும் சேர்ந்து நிற்கிறது. இங்கோ எழுதியவன் பெயர் மட்டும் எஞ்ச, ஆணையிட்டவன் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. பல யந்திரங்களில் பரவிய சேமிப்பில் இந்த இழப்பு இன்னும் பெரிது. ஏனெனில் முதல் யந்திரத்தில் பிறந்த ஆணை இரண்டாவது, மூன்றாவது யந்திரங்களுக்குப் பிரதி வேண்டுகோளாகப் போய்ச் சேரும்போது, அங்கே அது சேமிப்பு மென்பொருளின் சொந்தக் காரியம் போலவே காட்சியளிக்கும்.

மழையே இல்லாத மாதத்தில் எங்கள் ஊர்க் குளம் ஒன்று நிரம்பி மறுகால் பாயுமானால், நீர் எங்கிருந்து வருகிறது என்று வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்து, எந்த மடை திறந்து கிடக்கிறது, எந்தக் கிளைக் கால் உடைந்திருக்கிறது, அணையிலிருந்தே தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதுதான் விவசாயிகள் அறிந்த முறை. குளத்தின் கரையை உயர்த்துவது யாருக்கும் முதலில் தோன்றாது. டிஸ்க் நிரம்புகிறது, அல்லது சீக்கிரம் தேய்கிறது என்றால் புது டிஸ்க் வாங்குவோம் என்ற முடிவு கரையை உயர்த்தும் முடிவே. மேல்நோக்கி நடப்பதற்கும் ஒரு கிரமம் இருக்கிறது. மென்பொருள் தான் எழுதியதாகச் சொல்லும் கணக்கையும், இயங்குதளத்தின் கணக்கையும், டிஸ்க் தன் ஆயுளில் ஏற்றுக்கொண்ட எழுத்தைக் குறித்து வைத்திருக்கும் கணக்கையும் ஒரே கால அளவுக்கு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, மென்பொருள் ஒரு ஜிகாபைட் எழுதிய நேரத்தில் யந்திரங்கள் அனைத்தும் சேர்ந்து பத்து ஜிகாபைட் எழுதியிருந்தால், மூன்று பிரதிகளும் அவற்றின் குறிப்பேடும் ஆறுக்குக் கணக்குச் சொல்லும். மீதமுள்ள நான்கே விசாரணைக்குரியது.

அதன்பிறகு காலத்தைக் கேட்க வேண்டும். மணிதோறும் ஒரே நிமிஷத்தில் எழும் எழுத்துக்குப் பின்னால் நேரம் குறித்து ஏவிய ஒரு வேலை இருக்கும். இடைவிடாமல் ஒரே அளவில் ஓடும் எழுத்துக்குப் பின்னால் பெரும்பாலும் லாக் எனப்படும் நிகழ்ச்சிக் குறிப்பு இருக்கும். எல்லா யந்திரங்களிலும் ஒரே சமயத்தில் எழுகிறதா, ஒன்றன்பின் ஒன்றாக நகர்கிறதா, ஒன்றில் மட்டும் நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இரண்டை ஒருங்கே நிறுத்தியவன் எது காரணம் என்று சொல்ல முடியாமல் நிற்பான். என்றோ ஒரு கோளாற்றைக் கண்டுபிடிப்பதற்காக லாக்கின் விரிவை உயர்த்தி வைத்துவிட்டு, கோளாறு தீர்ந்த பின் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துபோவது இத்துறையில் மிகவும் பழக்கமான காரணங்களுள் ஒன்று. நோட்டம் பார்க்க வைத்த கருவி தான் பார்த்ததை அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பதும் உண்டு.

டிஸ்க்கின் விலை மலிந்துவிட்டது, ஒரு பொறியாளரின் நேரமோ விலையுயர்ந்தது, ஆகவே காரணத்தைத் தேடுவதைவிட டிஸ்க்கை மாற்றுவதே சிக்கனம் என்று ஒரு வாதம் நிர்வாகிகளிடையே செல்வாக்குப் பெற்றிருக்கிறது. சிறிய ஸ்தாபனங்களின் நிலைமையை நினைக்கும்போது இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் பிரதி எடுத்து வைக்கும் சேமிப்பில் இந்தச் சிக்கனம் ஆபத்தானது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இன்றைய எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளின் நினைவுச் செல்கள் இத்தனை முறைதான் அழித்து எழுதப்படலாம் என்ற வரம்பு உடையவை. ஒரே ஒப்பந்தப் புள்ளியில், ஒரே நாளில் வாங்கி, ஒரே சமயத்தில் பொருத்தப்பட்ட டிஸ்க்குகள் மூன்றும் ஒரே எழுத்தின் மூன்று பிரதிகளைச் சுமப்பதால் ஒரே வேகத்தில் தேய்கின்றன. ஒன்று போனாலும் மற்றிரண்டு இருக்கும் என்ற நம்பிக்கையே பிரதி முறையின் உயிர். காரணமறியாத எழுத்து அந்த உயிரையே அரிக்கிறது. முதல் டிஸ்க் போனதும் அதன் பிரதிகளைத் திரும்ப உண்டாக்க எஞ்சிய டிஸ்க்குகள் இன்னும் கடுமையாக எழுத வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டாவதும் மூன்றாவதும் எந்த நிலையில் அச்சுமையைத் தாங்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இது கற்பனை பயமன்று. ஹெச்.பி.இ. நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றில், தன் எஸ்.எஸ்.டி. வகைகள் சில, உள்மென்பொருளின் பிழையினால், சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் நின்றுவிடும் என்றும், ஒன்றாகப் பொருத்தப்பட்டவை ஏறக்குறைய ஒன்றாகவே போகும் என்றும் அறிவித்தது. அங்கே காரணம் எழுத்தன்று, காலம். ஆனால் ஒரே வயதுடைய டிஸ்க்குகள் ஒரே நாளில் கைவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. எழுத்தே காரணமான நிகழ்ச்சி ஒன்றும் உலகறியும். டெஸ்லா நிறுவனத்தின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரையை இயக்கும் கணினியில் இருந்த 8 ஜிகாபைட் நினைவகம், ஏறத்தாழ 3,000 முறை அழித்து எழுதியதும் ஓய்ந்துவிடக் கூடியது. ஓயாத எழுத்தினால் அது ஐந்தாறு ஆண்டுகளிலேயே அந்த வரம்பை எட்டியது. பின்புறம் பார்க்கும் கேமராவின் காட்சி மறைந்துபோவது பாதுகாப்புக் குறைபாடு என்று அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கருதியதன் விளைவாக, 2021இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது.

தேய்மானத்தைவிடப் பெரிய பயம் ஒன்றுண்டு. 2022 நவம்பர் 23 அன்று டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினிகள் பகைவரின் இணையத் தாக்குதலால் முடங்கி, நோயாளிகளைப் பதிவு செய்யும் காரியம் நாள்கணக்கில் மறுபடியும் காகிதத்துக்குத் திரும்பியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டெழுத்தாக மாற்றப்பட்டது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பூட்டெழுத்தாக மாற்றுவது என்றால், ஒவ்வொரு கோப்பையும் படித்து, உருமாற்றி, திரும்ப எழுதுவது. வேறுவிதமாகச் சொன்னால், சொந்தக்காரன் அறியாத மாபெரும் எழுத்து. தன் டிஸ்க்குகள் சாதாரண இரவில் எவ்வளவு எழுதுகின்றன, அவ்வெழுத்து யாருடையது என்று அறிந்து வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்கு அத்தகைய எழுத்தின் முதல் அரைமணி நேரமே எச்சரிக்கையாகக் கூடும். காரணமறியாத எழுத்தோடு வாழப் பழகிய ஸ்தாபனத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே பகைவனுடைய எழுத்தும் வழக்கமான இரைச்சலுக்குள் கலந்துவிடும்.

காரணத்தைக் கேட்டால் பதில் வரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபை மென்பொருள், பயன்படுத்துவோரின் கணினிகளில் ஒரு பாட்டையும் சேமிக்காத நேரத்திலும் ஜிகாபைட் கணக்கில் எழுதித் தள்ளுவதைச் சாதாரண ஜனங்களே கண்டறிந்து முறையிட்டார்கள். அது தன் சிறு தரவுத்தளம் ஒன்றைச் சுருக்கி ஒழுங்கு செய்வதற்காக முழுவதையும் ஓயாமல் திருப்பி எழுதிக்கொண்டிருந்தது என்பது புலனாகி, 2016 நவம்பரில் திருத்தப்பட்டது. நம் நாட்டில், 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40 மணிக்குத் தேசியப் பங்குச் சந்தையின் வியாபாரம் நின்று, பிற்பகல் 3.45க்குத்தான் மறுபடி தொடங்கிற்று. தகவல் இணைப்புகள் தடுமாறியதைத் தொடர்ந்து சேமிப்பு அமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டு, சர்வர்களுக்கு எட்டாமற் போயிற்று என்று சந்தை பின்னர் விளக்கம் தந்தது. சென்னையில் மாற்று மையம் வைத்திருந்தும் அதற்கு ஏன் மாறவில்லை என்ற கேள்வி எழுந்தது. மூல காரணத்தை ஆராய்ந்து சொல்லும்படி, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி கட்டளையிட்டது. அந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தி அளித்ததா என்பது வேறு விஷயம். முதலீட்டாளரின் பணத்துக்குப் பொறுப்பான ஓர் அதிகாரம் கேட்டது, பதில் வந்தது, அது பொதுவெளியில் வைக்கப்பட்டது என்பதே இங்கே எனக்கு முக்கியம்.

பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் எது? அரசின் பதிவுகளை வைத்திருக்கும் சேமிப்புகளுக்கு ஒப்பந்தப் புள்ளி கோரும்போது, இத்தனை டெராபைட் கொள்ளளவு, இத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதுவது போலவே, ஒவ்வொரு மாதமும் மென்பொருள் எழுதியது எவ்வளவு, டிஸ்க்குகள் எழுதியது எவ்வளவு, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்ற கணக்கை ஒப்பந்ததாரர் தர வேண்டும் என்றும் எழுத வேண்டும். கணக்கில் அடங்காத பகுதி இன்ன விகிதத்தைத் தாண்டினால் அதன் மூலத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் வரையில் டிஸ்க் மாற்றும் செலவை அரசு ஏற்காது என்ற நிபந்தனையும் அதோடு சேர வேண்டும். ஒரே பதிவின் பிரதிகளைச் சுமக்கும் டிஸ்க்குகள் ஒரே தொகுதியில் வாங்கப்படக் கூடாது என்பதும், சேவை தடைப்பட்ட ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் காரணத்தைத் தமிழில், ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கைகள் அல்ல. நீதிமன்றத்தில் வழக்காடும் இரணியல்காரர் ஒருவர் தம் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு, அது கிடைக்கவில்லை என்ற பதிலைப் பெற நேர்ந்தால், ஏன் கிடைக்கவில்லை என்று அறிய அவருக்கு உரிமை உண்டு.

இந்த வேலையைச் செய்ய ஆட்கள் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் அவற்றிலிருந்து வெளிவரும் பிள்ளைகள் வேளிமலைக்கு இப்பாலும் அப்பாலும் எங்கெங்கோ போய் இத்தகைய யந்திரங்களைத்தான் பராமரிக்கிறார்கள். மென்பொருள் எழுத அவர்களுக்குக் கற்றுத் தருகிறோம். எழுதப்பட்டதன் மூலத்தைத் தேடக் கற்றுத் தருவதில்லை. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதுமில்லை. ஒதுக்கிவைத்த பழைய கணினிகள் மூன்றை எடுத்து, விலையின்றிக் கிடைக்கும் செஃப் மென்பொருளை அவற்றில் நிறுவி, ஒன்றின் டிஸ்க்கை மாணவர் கண்முன்னே உருவிவிட்டு, மற்ற இரண்டிலும் அடுத்த ஒரு மணி நேரத்தில் எழும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஆணையிட்டது எது, எழுதியது எது, பதிந்தது எங்கே என்று ஏடு எழுதி வரச் சொன்னால் போதும். தேர்வில் மதிப்பெண் அந்த ஏட்டுக்குக் கிடைக்க வேண்டும்.